டின் ரெயிலில் (பேனலுக்குள் கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டிய நெட்வொர்க் ஸ்விட்சுக்குத் தனி எர்த் தேவையா?

கேள்வி: வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் பேனலிலேயே 24 வோல்ட் டிசி நெட்வொர்க் ஸ்விட்ச். மோட்டார் ஓடினால் நெட்வொர்க் லிங்க் விட்டு விட்டு வருகிறது. ரெயிலில் மாட்டியதே எர்த்துக்குப் போதாதா சார்?

பதில் 1: போதாது. பெயிண்ட் பூசிய தகட்டில் ரெயிலை முடுக்கியிருந்தால் சரியான உலோகத் தொடர்பு இல்லாமல் போகலாம். சப்ளையை நிறுத்தி, மல்டிமீட்டரில் உறுதி செய்யுங்கள். ஸ்விட்சின் எர்த் திருகிலிருந்து 2.5 சதுர மி.மீ. பச்சை-மஞ்சள் ஒயரை ரிங் லக் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) போட்டு எர்த் பஸ்பாருக்கு (எர்த் ஒயர்கள் சேரும் உலோகப் பட்டை) நேராக, குட்டையாக இழுங்கள். எர்த் முதலில், 24 வோல்ட் பிறகுதான்.

பதில் 2: ஈதர்நெட் கேபிளும் மோட்டார் கேபிளும் ஒரே டிரங்கிங்கிலா (கேபிள் போகும் பெட்டிக் குழாய்)? அதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். 20 செ.மீ. விலக்குங்கள், குறுக்கிட்டால் செங்குத்தாக.

கேட்டவர்: பக்கத்துக் கட்டிடத்துக்கும் ஷீல்டு கேபிள் (உலோக உறை போட்ட நெட்வொர்க் கேபிள்) போகிறதே?

பதில் 1: அங்கே ஃபைபர் (ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழை கேபிள்) போடுங்கள். இரு கட்டிடங்களின் எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் ஷீல்டு வழியே கரண்ட் பாயும்.