மறு: ‘சிறைப்பட்ட வலைவாசல்’ சரிதானா?

வணக்கம்ங்க,

> கேப்டிவ் போர்ட்டல் = சிறைப்பட்ட வலைவாசல். இல்லாவிட்டால் இடைமறிப்பு வாசல்.

கேப்டிவ் போர்ட்டல் என்றால் பொது வைஃபையில் இணையம் திறக்கும் முன் வந்து நிற்கும் உள்நுழைவுப் பக்கம். அதற்குச் சொன்ன இரண்டு தமிழ்ப் பெயர்களில் முதலாவது வேண்டவே வேண்டாம். வாசலா சிறைப்பட்டுக் கிடக்கிறது? மாட்டிக்கொண்டு நிற்பது நாம்.

இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பொது வைஃபையில் சேர்ந்ததும் உலாவி எந்தத் தளத்தைக் கேட்டாலும், ரவுட்டர் அதை நடுவிலேயே பிடித்து, அந்தத் தளமே பதில் சொல்வதுபோலச் சொல்லி, தன் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபி காலத்தில் இந்த வேலை நடந்தது. மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ்ஸில் நடக்காது, நான்தான் அந்தத் தளம் என்று காட்டும் சான்றிதழ் நடுவில் புகுந்தவனிடம் இல்லை, உலாவி அவனைத் திருடன் என்றுதான் நினைக்கும், நினைக்கவும் வேண்டும். அதிலும் ‘எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும்தான் வர வேண்டும்’ என்று உலாவிக்குக் கட்டளையிடும், 2012இல் வந்த எச்எஸ்டிஎஸ்ஸைப் பயன்படுத்தும் தளம் என்றால், எச்சரிக்கையைத் தாண்டிப் போக வழியே கிடையாது.

ஈரோட்டில் திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தைக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றில் இதை நேரிலேயே பார்த்தேன். வைஃபை முழுசாகக் காட்டுகிறது, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி, ஜிமெயில் திறந்தால் எச்சரிக்கை. வரவேற்பில் இருந்த தம்பி, “வேற ஏதாச்சும் சைட்டு போடுங்ண்ணா, அட்வான்ஸ்டுன்னு வரும், அதை அமுக்குனா போயிரும்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதே பழக்கம் நாளைக்கு வங்கித் தளத்திலும் வரும், யார் தடுப்பது? நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடித்துக் காட்டினேன், அது மறையாக்கமே இல்லாத தளம், லாட்ஜின் உள்நுழைவுப் பக்கம் உடனே வந்துவிட்டது.

இணையம் மறிக்கப்பட்டிருக்கிறதா என்று போன்களும் இப்படித்தான் சோதிக்கின்றன. ஆண்ட்ராய்டு ஒரு கூகுள் முகவரியைக் கேட்டு, 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும்; வேறு ஏதாவது வந்தால் ‘உள்நுழைக’ என்று அறிவிப்பு காட்டும். ஆனால் 2020இல் வந்த ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தர ஆவணம் இந்தத் தில்லுமுல்லே தேவையில்லை என்கிறது, போனுக்கு ஐபி முகவரி (வலையமைப்பில் அதன் அடையாள எண்) கொடுக்கும்போதே, அதைக் கொடுக்கும் டிஎச்சிபி முறை வழியாக, உள்நுழைவுப் பக்கம் எங்கே என்று போன் கேட்டறியும் முகவரியையும் கொடுத்துவிடலாம். இது பரவினால் இடைமறிப்பு போய்விடும், பெயர் மட்டும் பொய்யாக நிற்கும். உள்நுழையும்வரை வெளியே விடாமல் மறித்து வைப்பது மட்டும் மாறாது.

அதனால் என் பரிந்துரை: மறிகடவு. தொடுதிரைபோல வினைத்தொகை. தோட்டத்து வேலியில் ஆள் போக விட்ட வழியை நம் பக்கம் கடவு என்போம், படலைத் திறந்துதான் உள்ளே போக வேண்டும். கடவுச்சொல், கடவுச்சீட்டு எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் யாருக்கும் புதுசாகவும் தோன்றாது. மறிகடவில், மறிகடவுகள் என்று உருபு, பன்மை சேர்த்தாலும் நாக்கு தடுக்கவில்லை.

அப்புறம், அந்தப் பக்கத்துக்காகப் போன் திறக்கிற குட்டிச் சாளரத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், எனக்கு ஒன்றும் அமையவில்லை. மறிகடவுக்கு ஆட்சேபம் இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்க, இல்லையென்றால் மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘மறிகடவில் உள்நுழைக’ என்று மாற்றிவிடுகிறேன்.