டிடக்‌ஷனும் டிடக்டிபிளும் ஒண்ணா? அவசரம்

கேள்வி: அமெரிக்கா வந்து மூணு மாசம். போன மாசம் ராத்திரியில பையனுக்குக் காய்ச்சல்னு எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இப்ப 2,400 டாலர்னு ஒரு பேப்பர் வந்திருக்கு, 'டிடக்டிபிள்'னு போட்டிருக்கு. சம்பளத்துலதான் இன்சூரன்ஸ் டிடக்‌ஷன் பிடிக்கிறாங்களே, அதை ஏன் கழிக்கல? நாளைக்கே கட்டணுமா? கை நடுங்குது.

— காய்ச்சலுக்கு அர்ஜென்ட் கேர் (அப்பாயின்ட்மென்ட் இல்லாம உடனே போய்ப் பார்க்கற கிளினிக்) போதும் தம்பி, செலவு ரொம்பக் குறைவு. இன்சூரன்ஸ் அட்டைக்குப் பின்னாடி நர்ஸ் லைன் நம்பர் இருந்தா முதல்ல அதுல கேளுங்க.

— உடனே கட்டிடுங்க. கலெக்‌ஷனுக்கு, அதாவது கடன் வசூல் ஏஜென்சிக்குப் போனா கிரெடிட் ஸ்கோர் போயிடும்.

— அவசரப்பட வேண்டாம். மருத்துவக் கடன் கிரெடிட் ரிப்போர்ட்ல ஏற ஒரு வருஷம் ஆகும். 500 டாலருக்குக் கீழேன்னா ஏறாது.

— பிரீமியமும் கட்டி டிடக்டிபிளையும் கட்டணும். பெரும்பாலான பிளான்ல ஜனவரி 1 வந்தா டிடக்டிபிள் மறுபடி முதல்லேர்ந்து. டிசம்பர்ல படுத்தவங்க பாடு பெரும்பாடு.



— கேள்விக்கு வருவோம். டிடக்‌ஷன்னா சம்பளப் பிடித்தம். அது பிரீமியம், பாலிசி நடப்புல இருக்கறதுக்கான காசு. டிடக்டிபிள், வைத்தியம் பார்த்தபிறகு இன்சூரன்ஸ் கம்பெனி தன் பங்கைக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்க கட்டவேண்டிய தொகை. எத்தனை மாசம் பிரீமியம் போயிருந்தாலும் இதுல ஒரு டாலர்கூடக் கழியாது. (வரித் தாள்ல வர்ற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் வேற, அது வருமானத்துல கழிக்கறது.)

ஒரு உதாரணம்: பில் 2,400. கம்பெனி ஆஸ்பத்திரியோட பேசிவெச்ச ரேட் 1,500. டிடக்டிபிள் 1,000 பாக்கின்னா அது உங்களுது. மிச்சம் 500ல 20 சதவீதம் கோஇன்சூரன்ஸ் (டிடக்டிபிளுக்கு அப்புறமும் நீங்க தர்ற பங்கு), 100. மொத்தம் 1,100. 2,400ஐ அப்படியே கட்டினா 1,300 டாலரைத் திரும்ப வாங்க அலையணும்.

நீங்க சொல்லாத மூணு விஷயம் வேணும். பேப்பர் ஆஸ்பத்திரி அனுப்பினதா, இன்சூரன்ஸ் கம்பெனியா? 'இது பில் அல்ல'னு எங்கயாவது அச்சாகியிருக்கா? ஆம்புலன்ஸ்ல போனீங்களா? எமர்ஜென்சி ஆஸ்பத்திரி நெட்வொர்க்குக்கு (கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கற ஆஸ்பத்திரிகளுக்கு) வெளியே இருந்தாலும், 2022லேர்ந்து சட்டப்படி உங்க பங்கை நெட்வொர்க் கணக்குலதான் போடணும். ரோட்டுல போற ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது.

— கம்பெனி அனுப்பினதுதான் அக்கா. 'இது பில் அல்ல'ன்னு இருக்கு. கார்லதான் போனோம்.

— அப்போ இப்ப எதுவும் கட்டாதீங்க. ஆஸ்பத்திரி பில் வந்ததும் இந்தத் தாள்ல 'உங்கள் பொறுப்பு'ன்னு இருக்கற தொகையோட ஒத்துப்பாருங்க. அதைவிடக் கூட இருந்தா பில்லிங் ஆபீஸுக்குப் போன் பண்ணி ஐட்டமைஸ்டு பில் (ஒவ்வொரு செலவையும் தனித்தனியா காட்டற பில்) கேளுங்க. சரியா இருந்தும் ஒரே தடவையில கட்ட முடியலைன்னா, தவணை கேளுங்க, நிறைய இடத்துல வட்டியில்லாம பிரிச்சுக் கொடுப்பாங்க.