மெய்ப்புத் திருத்துகிறவன் கதை எழுத முடியுமா?

ஒற்றுப்பிழை:
பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒன்றரை வருடம் கால் சென்டரில் இருந்தேன். கதை எழுத வேண்டும் என்று அதை விட்டுவிட்டு ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு (ப்ரூஃப்) திருத்தச் சேர்ந்தேன். சம்பளம் பாதியாகிவிட்டது. பகலெல்லாம் வல்லினம் மிகுமா மிகாதா என்று பார்த்துவிட்டு, ராத்திரி என் கதையை எடுத்தால் கதை தெரிவதில்லை, பிழைதான் தெரிகிறது. அம்மா ‘பேங்க் எக்ஸாம் எழுதுடா’ என்கிறார். எழுத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதா, தள்ளிப் போவதா?

டிரெடில்:
அங்கேயே இரு தம்பி. ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார், அச்சகத்தில் வேலை பார்த்தார், ப்ரூஃப் திருத்தினார், நடுவில் தஞ்சாவூரில் செருப்புக் கடையில்கூட இருந்தார். 2002-க்கான ஞானபீடம் அவரைத் தேடி வந்தது. மை வாசம் பிடிக்காதவன் என்ன எழுதிவிடப் போகிறான்?

கணக்கப்பிள்ளை:
ஞானபீடம் வாங்கியவரை மட்டும் எண்ணினால் கணக்கு அழகாகத்தான் வரும். புதுமைப்பித்தனை ஏன் விட்டுவிட்டீர்கள்? பத்திரிகை, அப்புறம் சினிமா என்று எழுத்தை விட்டு நகராதவர். 1948-ல் காசநோயில் போனபோது வயது 42. தம்பி, நீயே கூட்டிப் பார்: புத்தகம் 200 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், 300 பிரதி விற்றால் உன் கைக்கு 6,000. அது எத்தனை மாத வாடகை? சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர். வாக்குப்பதிவு இயந்திரத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் எழுதவில்லையா?

டிரெடில்:
நாள் முழுக்க ஆபீசில் இருந்துவிட்டு வந்து அந்த வேகத்தில் எழுத எல்லாரும் சுஜாதாவா?

கணக்கப்பிள்ளை:
ஜெயகாந்தனாக மட்டும் எல்லாராலும் முடியுமோ?

வாசுகி டீச்சர்:
இரண்டு பேரும் வேலையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் செய்தித்தாளை வெட்டி ஒட்டி ஃபைல் போட்டுக்கொண்டிருந்தவர். அதைவிடச் சலிப்பான வேலை உண்டா? 1966-ல் விட்டார். அந்த சினிமா மனிதர்கள்தான் பிற்பாடு கதைக்குள் வந்தார்கள். கி.ரா. (கி. ராஜநாராயணன்) விவசாயி. மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கியதாகச் சொல்லிக்கொள்வார். எழுத வந்தபோது வயது 35-ஐ ஒட்டி இருக்கும். எதற்கு இந்த அவசரம்? விடைத்தாள் திருத்தும் மாதத்தில் எனக்கும் ஒரு வரி ஓடாது. தம்பி, திருத்துகிற கண்ணோடு ராத்திரி உட்காராதீர்கள். காலையில் வேலைக்குப் போகும் முன்பே எழுதிப் பாருங்கள்.

டிரெடில்:
டீச்சர், கி.ரா.வுக்கு நிலம் இருந்தது. இவருக்கு ரூம் வாடகை இருக்கிறது.

கணக்கப்பிள்ளை:
அதைத்தானே ஐயா நானும் முதலிலிருந்து சொல்கிறேன்!

ஒற்றுப்பிழை:
டீச்சர் சொன்னபடி மூன்று நாளாக ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். பேனாவில்தான். கம்ப்யூட்டரைத் திறந்தால் கை தானாகத் திருத்தப் போய்விடுகிறது. நாலு பக்கம் வந்தது, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைப் பற்றி. அதில் எத்தனை ஒற்றுப்பிழை என்று இன்னும் பார்க்கவில்லை. பேங்க் விண்ணப்பமும் போட்டுவிட்டேன்.

கணக்கப்பிள்ளை:
இது புத்தி. வாழ்த்துக்கள்!

ஒற்றுப்பிழை:
‘வாழ்த்துகள்’ அண்ணா. க் வராது. மன்னிக்கவும், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

டிரெடில்:
வரும் என்று சொல்கிற கட்சியும் இருக்கிறது தம்பி. நான் அந்தக் கட்சி.