டெக்ஸ்சரைசர் போட்ட சுருட்டை முடி: முன்பக்கம் தளர்ந்தது, பிடரி அப்படியே நிற்கிறது

தருமபுரியில் இருக்கிறேன். பேனா ரீஃபிலில் சுற்றி எடுத்ததுபோல நெருங்கிச் சுருண்ட முடி எனக்கு. அதை நேராக்கும் ஆசை இல்லை. எனக்குப் பிடித்த முடி. சிக்கெடுக்கும் வேதனை குறைந்தால் போதும் என்று, பொங்கல் முடிந்ததும் இங்குள்ள ஓர் அழகு நிலையத்தில் மென்மையான டெக்ஸ்சரைசர் (சுருளை முழுதாக நேராக்காமல் சற்றே தளர்த்தும் மருந்து) போட்டுக்கொண்டேன். கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீமில் குவானிடின் கார்பனேட் திரவத்தைக் கலக்கும் வகை. நெற்றியிலிருந்து தடவத் தொடங்கி, பிடரியில் தடவிய உடனேயே எல்லாவற்றையும் ஒன்றாக அலசிவிட்டார்கள்.

இப்போது முன்முடி அலையாகத் தளர்ந்திருக்கிறது, பிடரி பழைய சுருளிலேயே இருக்கிறது. முன்முடி மொரமொரப்பாகி, சீவினால் நடுவில் ஒடிகிறது. தலையில் எரிச்சலோ புண்ணோ இல்லை.

வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. இந்த வகை மருந்தும் முடியில் கால்சியத்தைப் படியவைக்கும் என்பதால், அதைப் பிடித்து நீக்கும் ஈ.டி.டி.ஏ. கலந்த ஷாம்பு போட்டு, கடைசி அலசலுக்கு ஒகேனக்கல் குடிநீரைப் பிடித்துவைக்கிறேன். மொரமொரப்பு ஓரளவு குறைந்தது, ஒடிவது நிற்கவில்லை. தேங்காய் எண்ணெய், கண்டிஷனர், நுனி வெட்டுதல் எல்லாம் செய்தாயிற்று. கிருஷ்ணகிரியில் விசாரித்தபோது, தயோகிளைகோலேட் என்ற வேறு வகை நேராக்கும் மருந்தைப் போட்டு மொத்தமாக நேராக்கிவிடலாம் என்றார்கள். ஹைட்ராக்சைடு பட்ட முடியில் அதைப் போட்டால் முடி அறுந்து விழும், உறுதியாக மறுத்துவிட்டேன்.

இத்தகைய முடியைக் கையாண்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: முன்முடிக்கு வாசலின் தடவிக் காத்துக்கொண்டு, பிடரிக்கு மட்டும் இதே வகை மருந்தை இப்போது போடலாமா, ஒடிவது நிற்கும்வரை காத்திருக்க வேண்டுமா?