வயலை விற்று பெப்டைட் ஊசிக்குப் போவதா? மூன்று வயதுப் பிள்ளைக்குச் சிறுநீரகக் கட்டி

கல்லடி_மாமா:
தங்கச்சியின் மகளுக்கு மூன்று வயது. குளிக்க வார்க்கும்போது இடப்பக்க வயிற்றில் கல் மாதிரித் தட்டுப்பட்டது, ஸ்கேனில் வில்ம்ஸ் கட்டி என்றார்கள். மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கத் திகதியும் தந்துவிட்டார்கள். இதற்குள் உறவுக்காரர் ஒருவர், வெளிநாட்டில் பெப்டைட் என்கிற புரதத் துண்டால் செய்த தடுப்பூசி இருக்கிறது, முடி கொட்டாது, கத்தியும் வேண்டாம் என்று சொல்லி வெல்லாவெளியில் கிடக்கிற இரண்டு ஏக்கரை விற்கப் பேசுகிறார். மச்சானுக்கும் மனம் அங்கேதான் இழுக்கிறது. விளங்கினவர்கள் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி_தாதி:
திகதியைத் தள்ள வேண்டாம் அண்ணன். பிள்ளைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகிறவற்றில் இது ஒன்று; வசதியான நாடுகளில் 90% அளவு பிள்ளைகள் பிழைக்கிறார்கள், அதுவும் பழைய மருந்துகளும் சத்திரசிகிச்சையும்தான். ஒரு சிறுநீரகத்தை எடுத்தாலும் மற்றது போதும். இன்னொன்று: பார்க்க வருகிற ஆட்கள் எல்லாம் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள், தயவுசெய்து விடாதீர்கள். கட்டி உள்ளே வெடித்தால் நோயின் நிலை கூடிவிடும், சிகிச்சையும் கடுமையாகும்.

அக்கரைப்பற்று_லாப்:
தாதி அக்கா, திகதி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பெப்டைட் என்றதும் ஏமாற்று என்று நினைக்கிறார்களே, அதை ஏற்கமாட்டேன். இந்தக் கட்டியின் பெயரிலேயே WT1 என்று ஒரு மரபணு இருக்கிறது, 1990இல் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்குகிற புரதம் பல புற்றுநோய்களில் அளவுக்கு மிஞ்சி இருக்கும். அதில் ஒன்பது அமினோ அமிலம் நீளமான ஒரு துண்டை ஊசியாகப் போட்டு, நோயோடு சண்டை பிடிக்கிற உடம்பின் டி செல்களுக்கு இதுதான் எதிரி என்று காட்டுகிறார்கள். ஜப்பானில் ஒசாக்கா பல்கலைக்கழகத்து ஆட்கள் இரத்தப் புற்றுநோயிலும் வேறு கட்டிகளிலும் மனிதர்களிடம் சோதித்தார்கள். கீமோ சும்மா வருவதில்லை, டொக்சோரூபிசின் என்கிற கீமோ மருந்து இதயத்தைத் தாக்கும். திரும்ப வந்த நோயோடு நிற்கிற பிள்ளைக்கு வேறு வழி தேட வேண்டாமா?

களுவாஞ்சிக்குடி_தாதி:
தேட வேண்டும் தம்பி. ஆனால் இந்தப் பிள்ளைக்கு நோய் திரும்பவில்லை, இன்னும் முதல் மருந்தே ஏறவில்லை. நீங்கள் சொன்ன துண்டு எல்லார் உடம்பிலும் பிடிக்காது, பிள்ளையின் எச்எல்ஏ வகை, அதாவது செல்லின் மேலே ஆளுக்கு ஆள் மாறுகிற அடையாளப் புரதம், பொருந்த வேண்டும். ஜப்பானில் எடுத்த துண்டு அங்கே அதிகம் இருக்கிற ஏ24 வகைக்கு. அதோடு சில வில்ம்ஸ் கட்டிகளில் WT1 மரபணுவே பழுதாகியோ இல்லாமலோ இருக்கும், அப்போது ஊசி எதைத் தேடிப் போகும்?

பெப்டைட்தான் வேண்டும் என்றால் அது மஹரகமையிலேயே இருக்கிறது என்று மச்சானிடம் சொல்லுங்கள் அண்ணன். இந்தக் கட்டிக்குக் கொடுக்கிற கீமோ மருந்து அக்டினோமைசின் 1940இல் மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது, அதன் மூலக்கூறில் இரண்டு பெப்டைட் வளையம். 1950களில் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்கிற டொக்டர் இதே கட்டிக்குத்தான் அதைக் கொடுத்தார். கூடப் போடுகிற வின்கிறிஸ்டின் நம் வளவில் நிற்கிற பட்டிப்பூச் செடியிலிருந்து வந்தது. அதற்காக இலையை அவித்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நஞ்சு.

அக்கரைப்பற்று_லாப்:
அது வேறு விதமான மருந்து அக்கா. அக்டினோமைசின் டிஎன்ஏயில் போய் ஒட்டுகிறது, தடுப்பூசி எதிர்ப்புச் சக்தியை எழுப்புகிறது. பெயர் ஒன்று, வேலை வேறு. மற்றபடி நீங்கள் சொன்னது சரி. ஆனால் மாமா, சத்திரசிகிச்சையில் எடுக்கிற கட்டியில் மரபணு சோதனைக்கு வழி இருக்கிறதா என்று டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அது பிள்ளையின் உரிமை. கேட்டால் கோபிப்பார்கள் என்று பயப்படாதீர்கள்.

வாழைச்சேனை_அம்மா:
என் மகனுக்கு நாலு வயதில் இதே கட்டி. ஒருவர் ஊசி மருந்து என்று சொல்லி மூன்று கிழமை எங்களை இழுத்தடித்தார், அந்த மூன்று கிழமையில் வயிறு கண்ணுக்கு முன்னாலேயே பெருத்தது. பிறகுதான் கீமோவுக்குப் போனோம். வின்கிறிஸ்டின் ஏறின காலத்தில் மலம் இறுகி அழுவான், கால் விரல் நிலத்தில் இழுபட நடப்பான். அதெல்லாம் மாறிற்று. இப்போது ஏழாம் வகுப்பு. வயல் கிடக்கட்டும், மஹரகமையில் மாதக்கணக்காகத் தங்க அந்த விளைச்சல் காசு தேவைப்படும்.

கல்லடி_மாமா:
மச்சான் இதையெல்லாம் இருந்து வாசித்தார். வயல் பேச்சை இன்னும் விடவில்லை. ஆனால் நாளை இரவு பஸ்ஸில் மூன்று சீட் போட்டாச்சு. தாதி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது வயிறு அமுங்காமல் எப்படிப் பிடிப்பது?

களுவாஞ்சிக்குடி_தாதி:
வயிற்றுப் பக்கம் கை போடாமல் நெஞ்சோடு அணைத்து வையுங்கள். சட்டை தளர்வாக இருக்கட்டும், இடுப்பில் இலாஸ்டிக் வேண்டாம்.