கோலார் தங்கவயலின் தமிழ்ப் பௌத்த விகாரை: வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

வினா

கோலார் தங்கவயலின் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளரிடையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய பௌத்த விகாரையைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுத முற்பட்டிருக்கிறேன். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்க நெறிகளை ஏற்றுத் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார் என்பதும், தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அதன் கிளை இயங்கியது என்பதும் பலரும் அறிந்தவை. ஆனால், எனக்குக் கிடைத்த நூல்கள் பண்டிதரின் கருத்துகளை விரித்துரைக்கும் அளவுக்கு, அந்த விகாரை அங்கே வாழ்ந்த குடும்பங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்வதில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையில் தொடங்கி, அதன் தொடர்ச்சியாகத் தங்கவயலைக் காட்டுவது பொருந்துமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நாகப்பட்டினத்தில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சூடாமணி விகாரை, சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிசய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்தது. அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதைக் கட்டி நிறைவு செய்தான். முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்த செய்தி லெய்டன் செப்பேடு எனப்படும் சோழர் செப்பேட்டில் இருக்கிறது. கடல் வணிகமும் அரச கொடையும் தாங்கிய நிறுவனம் அது. தங்கவயலிலோ, பெரும்பாலும் வடார்க்காடு மாவட்டத்திலிருந்து சென்று, பூமிக்கடியில் இறங்கிக் கூலி பெற்ற மக்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தை உருவாக்கிக் காத்தார்கள். அவர்களுக்கு ஊர் எழுதிக் கொடுக்க எந்த அரசனும் இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டால் கட்டுரையின் உயிரே போய்விடும்.

கட்டடத் தொடர்ச்சியும் இல்லை. நாகையில் எஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தை, அரசின் இசைவு பெற்று, இயேசு சபையினர் 1867இல் இடித்துவிட்டார்கள். ஆனாலும் தொடர்ச்சி என்னும் எண்ணத்தை முற்றிலும் கைவிடத் தேவையில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் முன்னோர் பௌத்தர்களே என்பதைப் பழந்தமிழ் நூல்களின் துணைகொண்டு நிறுவப் பண்டிதர் வாழ்நாள் முழுதும் முயன்றார். ஆகவே நாகப்பட்டினத்தை முன்னுரையில் வைக்காமல், அந்த வாதத்தை எடுத்துரைக்கும் இடத்தில் வையுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் தாங்கள் கேட்டது மக்கள் வாழ்வைப் பற்றி என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். விகாரை என்றவுடன் புத்தர் சிலையையும் பூசையையும் மட்டும் நினைத்தால், இந்தச் சங்கங்கள் செய்த வேலையில் பெரும்பகுதி கண்ணில் படாமல் போகும். சொற்பொழிவு, நூல் வாசிப்பு, வைகாசிப் பௌர்ணமி விழா ஆகியவற்றோடு, பெயர் சூட்டல், திருமணம், ஈமக்கடன் ஆகிய மூன்றையும் புரோகிதர் இல்லாமல் பௌத்த முறையில் நடத்திக்கொள்ள அவை வழி செய்தன. கோயிலுக்குள் செல்வதே மறுக்கப்பட்டிருந்த ஒரு குடும்பம், தன் மகளின் திருமணத்தைத் தன் சங்கத்தார் முன்னிலையில், தன்னைத் தாழ்த்தாத சடங்கோடு நடத்த முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. என்னைக் கேட்டால், கட்டுரையின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குவேன்.

பண்டிகைகளையும் விட்டுவிட வேண்டாம். தீபாவளியை எள்ளெண்ணெயின் பயனைக் கண்டறிந்த நாளாகப் பண்டிதர் விளக்கினார். அந்த விளக்கம் வரலாற்றுச் சான்றுக்கு நிற்குமா என்பது தனி ஆய்வு. ஆனால், ஊரோடு ஒன்றாகக் கொண்டாடும் நாளையும் தங்கள் நெறிக்குள் கொண்டுவர அது மக்களுக்கு உதவியிருக்கும் என்று கருதுகிறேன்.

மறுமொழி 3

சான்றுகளைப் பொறுத்தவரை, 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் வெளிவரத் தொடங்கி, மறு ஆண்டில் ‘தமிழன்’ ஆன, பண்டிதர் நடத்திய வார இதழே முதல் வாயில். அதன் தலையங்கங்களை எல்லோரும் படிக்கிறார்கள். தாங்கள் வாசகர் கடிதங்களையும் சங்கச் செய்திகளையும் படியுங்கள். பண்டிதர் 1914இல் மறைந்த பிறகும் இந்த இயக்கம் தங்கவயலில் உயிரோடு இருந்தது. அங்கே இயக்கத்தை முன்னெடுத்த கோ. அப்பாதுரையாரின் எழுத்தும் பேச்சும், பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலையின் பணியும் அதற்குச் சான்று. இராயப்பேட்டையின் கிளையாக மட்டும் தங்கவயலைக் காட்டினால் இந்தப் பிற்காலம் முழுவதும் விடுபட்டுப் போகும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். சங்கம் வெளியிட விரும்பிய செய்திகளே இதழில் இருக்கும். யார் சந்தா கொடுத்தார்கள், பெண்கள் எவ்வளவு பங்கேற்றார்கள், ஒரே வீட்டில் அம்மன் படமும் புத்தர் படமும் இருந்தனவா என்பவற்றுக்கு விடை வீடுகளில்தான் கிடைக்கும். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு பல குடும்பங்கள் வேலை தேடிப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்துவிட்டன. தங்கவயலிலேயே தங்கி, நாள்தோறும் ரயிலில் பெங்களூர் சென்று வருபவர்களும் ஏராளம். எனவே தங்கவயலோடு நின்றுவிடாமல் அங்கும் தேடுங்கள். பழைய திருமண அழைப்பிதழ்கள், சங்க வரவுசெலவுக் குறிப்பேடுகள், கூட்டத் துண்டறிக்கைகள் எவை கிடைத்தாலும் உரியவரின் இசைவோடு படமெடுத்து, யாரிடம் எந்த நாளில் பார்த்தீர்கள் என்பதையும் உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மூத்தவர்களிடம் பேசும் வேலையை நூலகத்துக்குப் போவதற்கு முன்பே தொடங்குவது நல்லது. இதழ்களை அடுத்த ஆண்டும் படிக்கலாம்.