'குப்பை சேகரிப்பு' வேண்டாம், 'இடமீட்பு' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

நிரல் இனி பயன்படுத்தாத பொருள்களை (தரவுத் தொகுதிகளை) நினைவகத்திலிருந்து தானாக அகற்றி இடத்தை விடுவிக்கும் வேலையான கார்பேஜ் கலெக்ஷனுக்குக் 'குப்பை சேகரிப்பு' என்னும் வழக்கே போதும் என்று முன்பு வாதிட்டவன் நான்தான். நிரல்களின் பிழைகளைத் தேட உதவும் ஒரு வழுநீக்கியின் (டிபக்கர்) சோதனை அறிக்கையைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது அச்சொல் கைகொடுக்கவில்லை.

ஜாவா என்னும் நிரல்மொழியில் வழுநீக்கி தனி நிரல். அது ஆராயும் நிரலோ வேறொரு மெய்நிகர் பொறியில், அதாவது ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருளில், ஓடுகிறது. வழுநீக்கி அப்பொறிக்குள் ஒரு பொருளை உருவாக்கச் சொல்லி, அதன் நிழலை, அதாவது அதைக் குறிக்கும் அடையாளத்தை, மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்த நிழலைப் பொறி, பொருளை விட்டுவைக்கச் செய்யும் ஒரு பிடிப்பாகக் கணக்கில் கொள்வதில்லை. அப்பொறியின் இழைகள் (ஒருசேர ஓடும் செயல்தொடர்கள்) அனைத்தும் நிறுத்தப்பட்டிருக்கும் வரை ஆபத்தில்லை. அவை மீண்டும் ஓடத் தொடங்கியபின் ஏதோ ஒரு கணத்தில் பொருள் மறைந்துவிட, அதைத் தொடும் அடுத்த வரியில் சோதனை தோற்கிறது. நினைவகம் தாராளமாக இருந்த என் கணினியில் எப்போதும் தேறிய சோதனை, சிறிய கணினியில் சில இரவுகளில் மட்டும் விழுந்தது. பொருள் கைக்கு வந்தவுடன் அதை அகற்றாமல் தடுக்கும் 'டிசேபிள்கலெக்ஷன்' என்னும் கட்டளையை அழைத்துக் காப்பதே உரிய முறை; அழைப்பதற்குள் அது போய்விடவும் கூடும் என்பதால், மறுபடி உருவாக்கிப் பார்க்கும்படியும் சோதனையை எழுத வேண்டியுள்ளது.

இங்கே மறைந்தது குப்பையா? பொறிக்குக் குப்பை, வழுநீக்கிக்கு அடுத்த வரிக்கே தேவையான பொருள். இவ்விரண்டும் உடன்படாததுதான் வழு என்னும்போது, ஒரு பக்கத்தின் தீர்ப்பைச் சொல்லிலேயே ஏற்றிவைப்பது முறையன்று.

கார்பேஜ் கலெக்ஷனுக்கு 'சுட்டற்ற பொருள் நீக்கம்', அதாவது வேறெதுவும் சுட்டாத பொருளை நீக்குதல், என்ற பரிந்துரையும் உண்டு; அதில் இலக்கண மணம் உண்டு. ஆனால் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு, வேரிலிருந்து, அதாவது ஓடும் நிரல் நேரடியாகப் பிடித்திருக்கும் சுட்டுகளிலிருந்து, எட்ட முடியாமல் கிடக்கும் இரு பொருள்களையும் ஜாவா எடுத்துவிடும். சுட்டு எண்ணிக்கையை மட்டும் நம்பும் முறைதான் அவற்றை விட்டுவைக்கும். மேலும் 'நீக்கம்' வழுநீக்கியோடு மோதுகிறது. 'களைவு' என்றால் பிழை களைதல் நினைவுக்கு வருகிறது.

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையைப் பெருக்கியெடுக்கும் தூசியை யாரும் குப்பை என்று தெருவில் கொட்டுவதில்லை. அதிலிருந்து மீளும் வெள்ளியே கணக்கு. பொறியும் பொருளுக்காகப் பெருக்குவதில்லை, இடத்துக்காகப் பெருக்குகிறது. ஆகவே 'இடமீட்பு' என்கிறேன். அடகு வைத்த நகையை மீட்பது போல, பொறி தான் கொடுத்த இடத்தை மீட்டுக்கொள்கிறது. கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்னும் நிரல்மொழியை விளக்கிய 1960 ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் 'ரெக்ளமேஷன் சைக்கிள்', அதாவது மீட்புச் சுற்று, என்றே எழுதினார். தாங்கள் அப்போதே குப்பை என்றுதான் சொல்லிவந்ததாகவும், கட்டுரையில் அதை எழுதத் துணியவில்லை போலும் என்றும் பின்னாளில் ஓர் அடிக்குறிப்பில் ஒப்புக்கொண்டார். தயங்கியது நல்லதே.

'தரவு மீட்பு' இருக்கிறதே என்று கேட்பீர்கள். எது மீட்கப்படுகிறது என்பது முன்னொட்டிலேயே நிற்பதால் குழப்பம் குறைவு. இடமீட்பி, மீட்புத் தடை, எதிர்பாரா இடமீட்பு எனக் கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன.

ஓர் இடறல் மட்டும் உண்டு. 'பொருள் மீட்கப்பட்டது' என்று யாரேனும் சுருக்கினால், பொருள் பிழைத்துக்கொண்டது என்று நேர்மாறாகப் படும். பொருளை எழுவாயாக்கும் இடங்களில் 'பொருள் இடமிழந்தது' என்று எழுதிப் பார்த்தேன். அறிக்கையில் அது உறுத்தவில்லை. இதைவிடப் பொருத்தமான வினை தோன்றினால் எழுதுங்கள்.